விழுந்தவனுக்கு ஐம்பது புள்ளி

பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, ஜாய்ஸ்டிக்கின் பட்டன் இடுக்குகளில் விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள் டைமர் அக்கா. ஒரு பட்டனுக்கு ஒரு குச்சி. அழுக்கு வந்தால் இன்னொரு குச்சி. மேசையில் பதினான்கு குச்சிகள் கறுத்துக் கிடந்தன.

"அக்கா, அது ஜாய்ஸ்டிக்கா, ஆபரேஷன் கத்தியா? இந்தத் துடை துடைக்கிறீங்க" என்றான் பிசியோதெரபிஸ்ட் தம்பி.

"கத்தி ஒரு நேரத்துல ஒருத்தர் உடம்புக்குத்தான் போகும். இது எட்டுப் பிள்ளைங்க கைக்குப் போகப்போகுது. அதுல நாலு பேர் மூக்கு நோண்டுற ஆளுங்க. உனக்கு வேணும்னா துடைக்காமலே தொடு."

அவன் தொடவில்லை.

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் கைப்பயிற்சி அறையின் உதவியாளர் அவள். கழுத்தில் எப்போதும் ஒரு சமையலறை டைமர் தொங்கும். வெள்ளை நிறம், முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும், திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி மணி அடிக்கும். எந்தப் பயிற்சியானாலும் பதினைந்து நிமிடம். மணி அடித்தால் பிள்ளை அழுதாலும் நிறுத்தம், கெஞ்சினாலும் நிறுத்தம். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை ஊழியர் பட்டியலில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலையில் சேர்ந்தாள். பிறகு வார்டுக்கு வந்தாள். வந்த முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. யாரோ கொடுத்த துணிப் பொம்மையை ஒரு மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்தாள். அது பொம்மையின் கண்ணைக் கடித்துப் பிய்த்து விழுங்கிவிட்டது. கண் என்பது சட்டைப் பொத்தான். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "தானா வந்துடும், கவனிச்சுக்கோங்க" என்றார். யார் கவனிப்பது? இவள்தான். மூன்று நாள், ஒவ்வொரு முறையும், கையுறை போட்டுக்கொண்டு தேடினாள். நான்காம் நாள் காலை பொத்தான் கிடைத்தது. கொதிக்கவைத்துக் கழுவித் தன் அலமாரிச் சாவியில் கோத்துக்கொண்டாள். இருபது வருடம் கழித்தும் அது அங்கேதான் தொங்கியது.

அன்றிலிருந்து, தான் முயன்று பார்க்காத எதையும் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டாள். இருமல் மருந்தைச் சுவைத்துப் பார்ப்பாள். புதுச் சக்கர நாற்காலி வந்தால் ஒரு காலை முழுக்க அதிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். கைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், எங்கே உரசுகிறது என்று குறித்துக்கொண்டு வருவாள். லாரி மெக்கானிக்கான அவள் கணவர் ஒருமுறை எங்களிடமே சொன்னார்: "நல்லவேளை, இவளைப் பிணவறையில வேலைக்குப் போடல. அங்கயும் முதல்ல நான் படுத்துப் பார்க்கிறேன்னு சொல்லியிருப்பா."

அவள் செய்ததைப் பார்த்துத்தான் வார்டில் ஒரு படிவமே வந்தது. விளையாட்டுப் பொருள் எது வந்தாலும் ஒருவர் பயன்படுத்திப் பார்த்து, எந்த வயதுக்குச் சரி, என்ன நன்மை, என்ன ஆபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து எப்போதும் அவளுடையது.

அந்த வருடம் எங்களிடம் ஒரு பெண் இருந்தாள். பதிமூன்று வயது. கண்ணாடிக் கதவு உடைந்து வலது உள்ளங்கையையும் மணிக்கட்டையும் கிழித்துவிட்டது. விரல்களை மடக்குகிற தசைநாண்களைத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். பள்ளி வாலிபால் அணியின் கேப்டன் என்று வந்த அன்றே அறிவித்துவிட்டாள். அதனால் நாங்களும் கேப்டன் என்றே கூப்பிட்டோம். தையல் ஆறியது. விரல் மடங்கவில்லை. நடுவிரலை மடக்கச் சொன்னால், விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர் இடைவெளி நின்றது. எட்டு வாரம் ஆகியும் அதே நான்கு.

பெரிய டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை ஸ்கேல் வைத்து அளப்பார். இரண்டு சென்டிமீட்டருக்குள் வரவில்லை என்றால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி, ஒட்டிக்கொண்ட தசைநாணைப் பிரித்துவிட வேண்டும். பிரித்தாலும் உறுதி சொல்ல முடியாது.

கேப்டனோ களிமண்ணைத் தொட மாட்டாள். "நான் என்ன எல்கேஜியா?" வளையத்தைக் குச்சியில் மாட்டச் சொன்னால் இடது கையால் மாட்டிவிட்டு முறைப்பாள். அவள் அம்மா கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, மகளின் விரலைப் பார்ப்பதும் டைமர் அக்காவின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். "அவ கை வருமா?" என்று தினமும் ஒருமுறை கேட்பார். "வேலை செஞ்சா வரும்" என்று தினமும் ஒரே பதில்.

இந்த நேரத்தில்தான் பெட்டி வந்தது. பெரிய டாக்டரின் நண்பர் ஒருவர் கொடுத்தது. டிவியோடு இணைக்கிற விளையாட்டுக் கருவி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு வாள் சண்டை விளையாட்டு. அட்டையில் ரத்தக் கறையோடு ஒரு வீரன். மூலையில் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. இங்கே சரிப்பட்டால் இன்னும் பதினோரு வார்டுக்கும் கொடுப்பதாக நண்பர் சொன்னார்.

"ஜாய்ஸ்டிக்குக்குப் பின்பக்கம் ரெண்டு விசை இருக்கு பாருங்க. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காம அதை இழுக்கவே முடியாது" என்றான் பிசியோ தம்பி. "கேப்டனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"முதல்ல நான் விளையாடுறேன்" என்றாள் டைமர் அக்கா.

வியாழக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை விளையாடினாள். அது பிள்ளைகள் தூங்குகிற நேரம். அந்த நேரத்தில் வார்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் அவளே சண்டைக்குப் போவாள். அதனால் டிவியின் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கேப்டனின் கை எப்படி வலிக்கும் என்று தெரிய வேண்டுமே, தன் வலது கையிலும் பட்டை மாட்டிக்கொண்டாள். இருபது தடவை செத்தாள். மூன்று கட்டம் தாண்டினாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"எப்படி?" என்றேன். அந்த நீள அறையின் மறுபாதியில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், காயக்கட்டு மாற்றுகிற வேலை என்னுடையது.

"வாள் சண்டைதான். ரத்தம் வருது, ஆனா தக்காளிச் சாறு மாதிரி இருக்கு. இங்க இருக்கிற பிள்ளைங்க பார்க்காத ரத்தமா? ஒரு நல்ல விஷயமும் இருக்கு. கீழ விழுந்தவன் பக்கத்துல போய்க் கட்டைவிரல் பட்டனை அழுத்தினா, நம்ம ஆள் குனிஞ்சு அவனைத் தூக்கிவிடுறான். ஒரு வெளிச்சம் வருது. அவன் எழுந்து போயிடுறான். ஐம்பது புள்ளி."

படிவத்திலும் அப்படியே எழுதினாள். நன்மை என்ற கட்டத்தில்: விரல் மடக்கத்துக்கு ஏற்றது. மேலும், விழுந்தவர்களைத் தூக்கிவிட்டால் புள்ளி கிடைக்கிறது, நல்ல பழக்கம். கீழே கையெழுத்து.

கேப்டன் வெள்ளிக்கிழமை தொடங்கினாள். பட்டையைக் கழற்றச் சொல்லாமலே கழற்றினாள். மணி அடித்ததும், "இன்னும் ரெண்டு நிமிஷம், ப்ளீஸ், ரெண்டே நிமிஷம்" என்று அவள் கெஞ்சியதைக் கேட்டு அவள் அம்மா அழுதுவிட்டார். சத்தம் வைக்கச் சொன்னாள். பின்னாலிருந்து வருகிறவன் காலடிச் சத்தம் கேட்டால்தான் திரும்ப முடியுமாம். பகலில் கொஞ்சம் சத்தம் வைத்தால் என்ன, வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இடைவெளி மூன்று சென்டிமீட்டர். பெரிய டாக்டர் கைதட்டினார். நண்பருக்குப் போன் போட்டுப் படிவத்தை வாசித்தும் காட்டினார். புதன்கிழமை வந்து பதினோரு பெட்டிகளையும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வதாக நண்பர் சொன்னார்.

அதே வெள்ளிக்கிழமை திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சிக்கல் ஆரம்பித்தது.

பட்டாணி என்று ஒரு ஏழு வயதுப் பெண். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து இரண்டு பாதமும் வெந்துபோய் வந்தவள். தினமும் கட்டுப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்ட வேண்டும். நூறு வரை எண்ணிக்கொண்டே தாங்கிக்கொள்வாள். எழுபத்தெட்டில் மட்டும் அழுவாள், அது ஏன் என்று தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளை வெள்ளிக்கிழமை காலை மடக்கிய காலை நீட்டவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் கையைக் கடித்தது. வலி கூடிவிட்டதோ, புண்ணில் சீழ் வைத்துவிட்டதோ என்று டாக்டர் பார்த்தார். புண் நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. வலி மருந்தைக் கூட்டினார். ஒரு பயனும் இல்லை.

திங்கட்கிழமை பிடித்துக்கொள்ள டைமர் அக்காவைக் கூப்பிட்டேன். பிசியோ தம்பியைக் கேப்டனோடு விட்டுவிட்டு வந்தாள். பட்டாணி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தது.

"அந்த மாமா செத்துட்டாரா?"

"எந்த மாமா?"

பட்டாணி திரைச்சீலையைக் காட்டியது. "அங்க. நீங்க கட்டுப் பிரிக்கிறீங்கல்ல, அந்த மாமா. ரொம்ப நேரம் அழுதாரு. அப்புறம் டமார்னு கேட்டுச்சு. அப்புறம் அவரு சத்தமே வரல."

டைமர் அக்கா பிள்ளையின் காலைத் தலையணை மேல் வைத்தாள். அசையாமல் நின்று கேட்டாள். நானும் கேட்டேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் முனகிக்கொண்டிருந்தான். மூச்சை இழுத்து இழுத்து, யாரையோ கெஞ்சுகிற மாதிரி. பிறகு வெட்டுகிற சத்தம். பிறகு காசு விழுகிற மாதிரி ஒரு இனிமையான 'க்ளிங்'.

நான்கு நாளாக அது எங்கள் காதுபடத்தான் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கேட்கவில்லை. அந்த வார்டில் இருபது வருடம் இருந்தவர்களுக்கு முனகல் என்பது மின்விசிறிச் சத்தம் மாதிரி. இருந்தால் கவனிக்க மாட்டோம், நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம்.

அவள் போய் டிவியை அணைத்தாள். கேப்டன், "அக்கா! இப்பதான்..." என்று ஆரம்பித்தவள், முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மதியம் தூங்குகிற நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து விளையாடினாள். அவ்வப்போது ஆட்டத்தை நிறுத்தி நாடி பார்த்து, நோயாளிக்கு எழுதுகிற மாதிரியே தாளில் எழுதிக்கொண்டாள். தொடங்கும்போது எழுபத்தாறு. முதல் ஆள் விழுந்தபோது தொண்ணூறு. விழுந்தவன் சாகவில்லை. முனகுகிறான், கையை ஊன்றி நகரப் பார்க்கிறான். கட்டைவிரல் பட்டனை அழுத்தினால் நம் ஆள் குனிகிறான். தூக்கிவிட இல்லை. குனிந்த முதுகின் மறைவில் வாளைத் தலைகீழாகப் பிடித்து இறக்குகிறான். வெளிச்சம், க்ளிங், ஐம்பது புள்ளி. ஆள் மறைந்துபோகிறான்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.  

"வியாழக்கிழமை நாப்பது பேரையாவது தூக்கிவிட்டேன்னு நினைச்சேன்" என்றாள். "நாப்பது பேரையும் நான்தான் கொன்னிருக்கேன்."

"பொம்மைதானே" என்றேன்.

"பொம்மைதான். கையெழுத்து நிஜம்."

உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள், சாட்சிக்கு.

அறை வாசலிலேயே ஒரு பேனர் சுருட்டி நிறுத்தியிருந்தது. நண்பர் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். டாக்டர் ஆசையாகப் பாதி விரித்துக் காட்டினார். பெரிய எழுத்தில், 'விழுந்தவரைத் தூக்கிவிடக் கற்றுத்தரும் விளையாட்டு!'

"உங்க வரிதான்மா. அவருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு."

"அது தப்பு டாக்டர். படிவத்தை மாத்தணும்" என்று நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. டாக்டர் பேனரை மறுபடி சுருட்டினார். சுருட்டச் சுருட்ட அவர் முகமும் சுருங்கியது.

"சரி, ஹெட்போன் போட்டு விளையாடட்டும். பட்டாணிக்குக் கேட்காது."

"பட்டாணிக்குச் சரி. கேப்டனுக்கு?"

"அவளுக்கு என்னம்மா? பதிமூணு வயசு. பெட்டியிலேயே பன்னிரண்டுக்கு மேலன்னு போட்டிருக்கு."

"பெட்டியில விளையாடறவ வயசு போட்டிருக்கு. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவ வயசு போடல. பதினோரு வார்டுக்குக் கொடுக்கப் போறீங்க. ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்குக்கும் ஒரு ஹெட்போன், ஒவ்வொரு ஹெட்போனுக்கும் காவலுக்கு ஒரு ஆள் போடுவீங்களா?"

"கேப்டன் கெட்டுப்போயிட்டாளா? அதைச் சொல்லுங்க."

"இல்ல. நல்லாச் சாப்பிடுறா, தூங்குறா. நாடி எண்பதைத் தாண்டல. அவளுக்கு அது வெறும் பொம்மைன்னு தெரியுது. சண்டையில எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். எதிர்ல வாளோட வர்றவனை வெட்டட்டும், அது விளையாட்டு. விழுந்து கிடக்கிறவனை அடிச்சா ஐம்பது, விட்டுட்டுப் போனா சைபர். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டடத்துக்குள்ள சொல்லிக்கொடுக்க மாட்டேன்னு சொல்றேன். நாம வாங்குற சம்பளமே விழுந்தவனுக்காகத்தான்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சனிக்கிழமை அந்தப் பொண்ணு விரல் வரலைன்னா மறுபடி மயக்க மருந்து. இப்ப மூணு சென்டிமீட்டர்ல நிக்குது. இந்த ஒரு விளையாட்டுக்குத்தான் அவ கை அசைஞ்சுது. அதை எடுத்துட்டு என்ன கொடுப்பீங்க?"

"இன்னும் தெரியல. தேடுறேன்."

"அவ அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

சொன்னாள். கேப்டனின் அம்மா முதலில் கேட்டது எங்களுக்குத் தெரிந்த அதே கேள்விதான். "அப்ப அவ கை?" டைமர் அக்கா, "சனிக்கிழமை வரைக்கும் நான் லீவு எடுக்கல" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை கேப்டன் பெரிய சண்டை போட்டாள். பட்டாணியை அதற்குள் அடுத்த கூடத்துக்கு மாற்றியிருந்தோம், அதனால் கத்துவதற்கு இடம் இருந்தது.

"உங்களுக்கு விளையாடத் தெரியலன்னா விளையாட்டு மேல ஏன் பழி போடுறீங்க? இருபது தடவை செத்தீங்களாமே!"

"இருபத்தி மூணு."

"நான் விழுந்தவனைத் தொடவே மாட்டேன். அவன் பாட்டுக்குக் கிடக்கட்டும். தொடாமலே மூணாவது கட்டத்தைத் தாண்டிட்டா? அப்ப கொடுப்பீங்களா?"

பிசியோ தம்பி, "விடு கேப்டன்" என்றான். டைமர் அக்கா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். யோசித்தாள். அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. முயன்று பார்க்காமல் மறுப்பதும் தவறுதானே.

"தாண்டிக் காட்டு. தாண்டினா என் படிவத்துல அதையும் எழுதுறேன். சத்தம் கிடையாது. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை உதறணும்."

டைமரைத் திருகினாள். கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தம் இல்லாததால் பின்னாலிருந்து வந்தவன் வெட்டி மூன்று தடவை செத்தாள். நான்காவது தடவை எல்லாரையும் வீழ்த்தினாள். விழுந்தவர்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள், அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். கட்டத்தின் முடிவில் ஒரு இரும்புக் கதவு. தட்டினாள். திறக்கவில்லை. மணி அடித்தது. கையை உதறினாள். மறுபடி. கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை மணி அடித்தபோது ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டு, "ஒரு தாள் கொடுங்க" என்றாள்.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள்.

"மொத்தம் அறுபத்திரண்டு பேர். வீழ்த்தினா ஒருத்தனுக்கு இருபது. ஆயிரத்து இருநூத்தி நாற்பது. கதவுக்கு ரெண்டாயிரம் வேணும். மீதி எழுநூத்தி அறுபது எங்கிருந்து வரும்? ஐம்பது ஐம்பதா..." பென்சில் நின்றது. "பதினாறு பேரைக் கீழ விழுந்தப்புறம் அடிச்சே ஆகணும். அடிக்காம போகவே முடியாது. அக்கா, இது போங்கு ஆட்டம்! நான் நல்லா விளையாடினாலும் கதவு திறக்காதா?"

"திறக்காது போல."

"இதை ஏன் நீங்க படிவத்துல எழுதல?"

"எனக்குக் கணக்கு வராது. நீ எழுது."

கேப்டன் எழுதினாள். கோபத்தில் அழுத்தி அழுத்தி எழுதினாள். அவள் அம்மா திடீரென்று டைமர் அக்காவின் முழங்கையைப் பிடித்தார். பென்சில் இருந்தது வலது கையில். எட்டு வாரமாக அந்தக் கை பென்சிலைத் தொட்டதில்லை. டைமர் அக்கா அம்மாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, தாள் நிறைந்ததும் இன்னொரு தாளை வைத்தாள். டைமரைத் திருகினாள். அவ்வளவுதான்.

அன்று ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது இரண்டு புள்ளி ஆறு. நாற்பத்தைந்து நிமிட வேலைக்குக் கிடைத்தது.

"இந்த வார்டு அலமாரியில யாரோ கொடுத்துட்டுப் போன பழைய விளையாட்டுத் தட்டு, அதான் சிடி, பதினேழு கிடக்கு" என்றாள் டைமர் அக்கா. "போட்டுப் பார்க்கக் கருவி இல்லாததால யாரும் சோதிக்கல. எது எந்த வயசுக்குச் சரி, எங்க போங்கு பண்ணுது, பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குத் தொந்தரவா, எல்லாம் எழுதணும். சத்தம் வெச்சும் ஒரு தடவை, வெக்காமலும் ஒரு தடவை. வலது கையால. எனக்கு அதுக்கு நேரம் கிடையாது."

"எனக்கு மட்டும் நேரம் இருக்காக்கும்?"

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கு. அப்புறம் வாலிபால் இருக்கும்."

கேப்டன் சிரிக்கவில்லை. ஆனால் அலமாரிச் சாவியைக் கேட்டாள். பொத்தான் தொங்குகிற அந்தச் சாவியைத்தான். சனிக்கிழமை ஸ்கேல் ஒன்று புள்ளி எட்டு என்று காட்டியது, டாக்டர் கத்தியை எடுக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை அது யாருக்கும் தெரியாது. அன்று எல்லாரும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

புதன்கிழமை காலை ஏழரைக்கே டைமர் அக்கா வந்துவிட்டாள். முதல் வேலையாகப் பழைய படிவத்தை எடுத்தாள். வார்டுப் பதிவில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. வாசிக்கும்படி ஒரே கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'விழுந்தவர்களைத் தூக்கிவிட்டால்' என்ற வரியின் மேல் அப்படி ஒரு கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: நான் தவறாகப் புரிந்துகொண்டேன். சத்தமில்லாமல் சோதித்தது என் பிழை. விழுந்தவனை அடிக்காமல் இதில் முன்னேற முடியாது, கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. எந்த வார்டிலும் எந்த வயதுப் பிள்ளைக்கும் பொருந்தாது. கேப்டனின் இரண்டு தாள்களையும் பின் குத்தினாள். விளையாட்டுத் தட்டை உறையில் போட்டு ஒட்டி, டாக்டரின் மேசையில் வைத்தாள். டாக்டர் நண்பருக்குப் போன் செய்து போட்டோவை நிறுத்தினார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது. பேனர் நல்ல தடிமனான பிளாஸ்டிக், பின்பக்கம் வெள்ளை. அதை எழுத்து கீழே போகும்படி கால் கழுவுகிற தொட்டிக்கு அடியில் விரித்தோம். தண்ணீர் ஒரு சொட்டு இறங்கவில்லை.

பிறகு திரைச்சீலையைக் கழற்றிச் சலவைக்குப் போட்டாள். பட்டாணியைச் சக்கர நாற்காலியில் வைத்து டிவிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பிள்ளை முதலில் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. ஒயரும் தூசியும்தான் இருந்தன.

"மாமா எங்க?"

"மாமாவே கிடையாது. பொம்மை. பொய்ச் சத்தம்" என்றாள் கேப்டன். கார் பந்தயத் தட்டைப் போட்டாள். "இங்க பாரு. இதை அழுத்தினா சத்தம் வரும். இதை அழுத்தினா நின்னுடும். நீயே பண்ணு."

பட்டாணி அழுத்தியது. நின்றது. மறுபடி அழுத்தியது. வந்தது. பதினோரு தடவை அப்படிச் செய்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கார் சுவரில் மோதியது.

"வலிக்குதா?"

"காருக்கா? ஓட்டறவனுக்கா?"

"ஓட்டறவனுக்கு."

கேப்டன் டைமர் அக்காவைப் பார்த்தாள். அக்கா, "எழுதிக்கோ" என்றாள். கேப்டன் எழுதிக்கொண்டாள்.

பிறகு கட்டு. நான் தொட்டியைத் தயார் செய்தேன். டைமர் அக்கா தன் கழுத்திலிருந்து டைமரைக் கழற்றிப் பட்டாணியின் கழுத்தில் போட்டாள். இருபது வருடத்தில் அதை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை.

"அஞ்சு நிமிஷம் திருகு. மணி அடிச்சா, நாங்க எங்க இருந்தாலும் நிறுத்திடுவோம்."

பட்டாணி இடது பாதத்தை நீட்டியது. நூறு வரை எண்ணியது, எழுபத்தெட்டில் அழுதது. வலது பாதத்தில் பாதிக் கட்டு பிரிந்திருந்தபோது மணி அடித்தது. நாங்கள் இருவரும் கையை எடுத்துவிட்டோம். ஒட்டியிருந்த பஞ்சு அப்படியே தொங்கியது. பட்டாணி எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. உண்மையாகவே நிறுத்திவிட்டோம் என்று உறுதியான பிறகு, டைமரை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, மறுபடி ஐந்துக்குத் திருகி வைத்தது.